கீழே போன கழகம் ஏன் வீரர்களை விற்கிறது? திருமலை உதைபந்தாட்ட இரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் பிரீமியர் லீக் முடிந்து மூன்று கழகங்கள் கீழே போனதும் ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கின் படிகளிலும் ஒரே விவாதம்தான். நல்ல வீரர்களை ஏன் விற்கிறார்கள், அவ்வளவு காசு எங்கே போகிறது, உரிமையாளர் என்ன செய்கிறார்? திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டு, பதிலோடு தொகுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. அங்குள்ள கழகங்களின் ஆண்டுக் கணக்கை யாரும் எடுத்துப் பார்க்கலாம், அதனால் ஊகம் குறைவு. கடைசி இரண்டு கேள்விகள் நம்மட கழகங்களுக்கானவை. செயலாளர்களும் பயிற்றுநர்களும் அவற்றையாவது படிக்கவேண்டும்.

1. கீழ போறதெண்டா சரியா என்ன நடக்குது?

பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். கடைசி மூன்று இடங்களில் வருபவை அடுத்த பருவத்தில் ஒரு படி கீழே உள்ள சம்பியன்ஷிப்பில் ஆடவேண்டும். அங்கே 24 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 46 போட்டிகள்.

சட்டப்படி பார்த்தால் பிரீமியர் லீக் ஒரு கம்பனி. அதில் ஆடும் ஒவ்வொரு கழகத்திடமும் ஒரு பங்கு இருக்கும். கீழே போகும் கழகம் ஜூன் மாதத்தில் அந்தப் பங்கை மேலே வரும் கழகத்திடம் கையளிக்கவேண்டும். கடைசிப் போட்டிக்கும் இந்தக் கையளிப்புக்கும் இடையில் சில வாரங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளிக்குள் பெரிய வழக்கொன்றே நடந்திருக்கிறது, 9ஆம் கேள்வியில் வருகிறது.

2. ஒரு சீசன்ல வருமானம் எவ்வளவு விழும்?

பெரிய அடி தொலைக்காட்சிப் பணத்தில் விழுகிறது. 2023-24 பருவத்தில் கடைசி இடத்தில் வந்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கே பிரீமியர் லீக் சுமார் 110 மில்லியன் பவுண் கொடுத்தது. சம்பியன்ஷிப்பில் உள்ள சாதாரண கழகத்துக்குப் பிரீமியர் லீக்கிலிருந்து வரும் ஒருமைப்பாட்டுப் பணம் சுமார் 5 மில்லியன். அந்த லீக்கின் சொந்தத் தொலைக்காட்சிப் பங்கையும் சேர்த்தால் பத்து மில்லியன் சொச்சம்.

நுழைவுச்சீட்டு வருமானம் அவ்வளவு விழாது. இங்கிலாந்து இரசிகர்கள் கீழே போன கழகத்தையும் விட்டுவிடுவதில்லை, வீட்டுப் போட்டிகளும் 19 இலிருந்து 23 ஆகக் கூடுகின்றன. ஆனால் அனுசரணையாளர் ஒப்பந்தங்களில் “கீழே போனால் தொகை இவ்வளவு குறையும்” என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். சட்டையில் பெயர் போடும் நிறுவனம் உலகம் முழுக்கத் தெரிவதற்காகக் காசு கொடுத்தது. அந்த அளவுக்குத் தெரியாவிட்டால் அந்த அளவு காசும் வராது.

3. பாரசூட் காசு எண்டு சொல்றாங்களே, அது என்ன?

கீழே போகும் கழகம் ஒரேயடியாக விழாமல் இருக்கப் பிரீமியர் லீக் கொடுக்கும் பணம். மேலே உள்ள கழகங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் தொலைக்காட்சிப் பங்கில் முதலாம் ஆண்டு 55 வீதம், இரண்டாம் ஆண்டு 45 வீதம், மூன்றாம் ஆண்டு 20 வீதம். முதலாம் ஆண்டுத் தொகை ஏறக்குறைய 45 முதல் 50 மில்லியன் பவுண் வரை வரும்.

பலர் கவனிக்காத இரண்டு விடயங்கள் உண்டு. மேலே ஒரே ஒரு பருவம் மட்டும் ஆடிவிட்டுக் கீழே போனால் மூன்று ஆண்டு கிடையாது, இரண்டு ஆண்டுதான். இடையில் திரும்ப மேலே ஏறிவிட்டால் மிச்ச ஆண்டுகளின் பணமும் நின்றுவிடும்.

4. ஐம்பது மில்லியன் சும்மா வருதே, பிறகேன் விக்க வேணும்?

வருமானம் ஒரு நாளில் விழுகிறது, செலவோ மூன்று நான்கு ஆண்டுக்கு முன்பே கையெழுத்திட்டு முடிந்திருக்கிறது. முழு விடயமும் இதற்குள்தான் இருக்கிறது.

லெஸ்டர் சிற்றியைப் பாருங்கள். 2022-23 இல், இன்னும் பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே, அவர்களுடைய மொத்த வருமானம் சுமார் 177 மில்லியன், சம்பளச் செலவு மட்டும் சுமார் 206 மில்லியன். அந்த ஆண்டு நட்டம் ஏறக்குறைய 90 மில்லியன், அதற்கு முந்தைய ஆண்டும் அதே அளவு நட்டம். இப்படியான கழகத்துக்கு 50 மில்லியன் பாரசூட் காசு கால்வாசிச் சம்பளத்துக்கும் கொஞ்சம் குறையத்தான் வரும். மிச்சத்துக்கு வழி மூன்று: சம்பளத்தைக் குறைப்பது, வீரரை விற்பது, உரிமையாளர் கையிலிருந்து போடுவது.

5. கீழ போனா சம்பளமும் தானா குறையாதா?

தானாகக் குறையாது. ஒப்பந்தமும் தானாக முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே குறையும். ஒழுங்காக நடக்கும் கழகங்கள், குறிப்பாக மேலும் கீழும் போய்வந்து பழகிய நோர்விச் போன்றவை, வீரர் சேரும்போதே இந்த நிபந்தனையைப் போட்டுவிடும். கால்வாசியிலிருந்து பாதிவரை வெட்டு விழுவது வழமை. “நாங்கள் ஒருநாளும் கீழே போகமாட்டோம்” என்று நம்பும் கழகங்கள்தான் இதை எழுதாமல் விடுகின்றன.

சண்டர்லாந்து 2017 இல் கீழே போனபோது பெரும்பாலான வீரர்களின் சம்பளம் குறைந்தது. ஜக் ரொட்வெலின் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருக்கவில்லை. வாரத்துக்கு சுமார் 70,000 பவுண் என்று சொல்லப்பட்ட சம்பளம் சம்பியன்ஷிப்பிலும் அப்படியே ஓடியது. அந்தச் சம்பளத்தோடு அவரை வாங்க எவரும் வரவில்லை. அடுத்த ஆண்டு சண்டர்லாந்து இன்னும் ஒரு படி கீழே இறங்கிய பிறகுதான் இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முடித்தார்கள். வீரர் மீது கோபப்படுவதில் நியாயமில்லை. கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் கழகம்.

வெட்டு நிபந்தனைக்கு ஈடாக வீரரின் முகவர் வேறொன்று கேட்பார். அதுதான் ரிலீஸ் குளோஸ் என்று எல்லோரும் சொல்வது: “கீழே போனால் இந்த விலையைத் தரும் கழகத்துக்கு நான் போகலாம்.” இப்ஸ்விச் 2024 இல் மன்செஸ்டர் சிற்றியிடமிருந்து வாங்கிய லியம் டெலப், 2025 இல் அணி கீழே போனதும் 30 மில்லியன் பவுணுக்குச் செல்சிக்குப் போனது இப்படித்தான். கேட்டவர்கள் பலர், விலை ஒன்று. ஏலம் போடக் கழகத்துக்கு இடமே இருக்கவில்லை. அதே நிபந்தனை இல்லாவிட்டால் அவர் இப்ஸ்விச்சுக்கு வந்திருப்பாரா என்பதையும் யோசிக்கவேண்டும்.

6. வாங்கின விலைக்குக் குறைய வித்துப்போட்டு “லாபம்” எண்டு கணக்குக் காட்டுறாங்கள். இது கள்ளக் கணக்கில்லையா?

கள்ளக் கணக்கல்ல. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு உடனே விளங்கும்: படகு இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வு எழுதுவது போல, வீரரை வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதுகிறார்கள்.

30 மில்லியனுக்கு ஒருவரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் ஆண்டுக்கு 6 மில்லியன் செலவாகப் போகும். மூன்று ஆண்டு முடிந்ததும் அவருடைய ஏட்டுப் பெறுமதி 12 மில்லியன். அப்போது 20 மில்லியனுக்கு விற்றால் கணக்கில் 8 மில்லியன் இலாபம். வாங்கிய விலையோடு ஒப்பிட்டு 10 மில்லியன் நட்டம் என்று நாம் சொல்கிறோம். ஆனால் 18 மில்லியன் முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏற்கெனவே செலவாக எழுதப்பட்டுவிட்டது. அதே வீரரை 10 மில்லியனுக்கு விற்றால் ஏட்டிலும் 2 மில்லியன் நட்டம். ஏற்கெனவே நட்டத்தில் தவிக்கும் கழகம் அந்த விற்பனைக்குத் தயங்கும். “அவனை ஏன் இன்னும் விக்கேல்ல?” என்ற கேள்விக்குப் பல நேரம் இதுவே பதில்.

ஏழு எட்டு ஆண்டு ஒப்பந்தம் எழுதி ஆண்டுச் செலவைச் சிறிதாக்கும் தந்திரத்துக்கும் கதவு மூடியாகிவிட்டது. ஒப்பந்தம் எவ்வளவு நீளமானாலும் ஐந்து ஆண்டுக்குள் பிரித்து முடிக்கவேண்டும் என்று ஐரோப்பிய சம்மேளனமும் பிரீமியர் லீக்கும் 2023 இல் விதி கொண்டுவந்தன.

7. சொந்த அகடமிப் பொடியனைத்தான் முதல்ல விக்கிறாங்கள். மனச்சாட்சி இல்லையா?

மேலே சொன்ன கணக்கை அகடமி வீரருக்குப் போட்டுப் பாருங்கள். அவரை யாரிடமும் வாங்கவில்லை, ஆகவே ஏட்டுப் பெறுமதி பூச்சியம், விற்கும் விலை முழுவதும் இலாபம். லெஸ்டரில் வளர்ந்த ஹார்வி பார்ன்ஸை 2023 இல் நியூகாசிலுக்கு சுமார் 38 மில்லியனுக்கு விற்றார்கள். 38 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வெளியில் வாங்கி இரண்டு ஆண்டு வைத்திருந்த வீரரை அதே விலைக்கு விற்றிருந்தால் கணக்கில் வரும் இலாபம் அதில் பாதிகூட இல்லை. சவுதாம்ப்டன் அதே கோடையில் எட்டு வயதிலிருந்து வளர்த்த தலைவர் ஜேம்ஸ் வோர்ட்-பிரவுஸை 30 மில்லியனுக்கு வெஸ்ட் ஹாமுக்கு விற்றதும் அதே வழியில்தான்.

இது விதிகளின் பெரிய குறை என்பதே எங்கள் எண்ணம். ஊர்ப்பிள்ளையை வளர்த்து வைத்திருப்பதற்குக் கழகத்துக்கு ஊக்கம் இருக்கவேண்டும். இன்றைய கணக்கு முறை அவனை விற்பதற்கே ஊக்கம் கொடுக்கிறது.

8. நட்டத்துக்கு எல்லை இருக்காம். அது எவ்வளவு?

பழைய விதிப்படி மூன்று ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். பிரீமியர் லீக்கில் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 மில்லியன் பவுண் வரை நட்டம் அனுமதி, சம்பியன்ஷிப்பில் ஆடிய ஆண்டுக்கு 13 மில்லியன். மூன்று ஆண்டும் மேலே என்றால் 105, மூன்றும் கீழே என்றால் 39. இரண்டு ஆண்டு மேலே ஆடிக் கீழே ஓர் ஆண்டு என்றால் 83. இரண்டாம் ஆண்டும் கீழேயே இருந்தால் 61. வருமானம் விழும் அதே நேரத்தில் எல்லையும் சுருங்குகிறது. முழு எல்லையையும் பயன்படுத்துவதற்கு, உரிமையாளர் அந்த நட்டத்தைக் கடனாக அல்லாமல் பங்கு முதலாகப் போட்டு ஈடுசெய்யவேண்டும்.

அகடமி, பெண்கள் அணி, சமூகப்பணி, மைதானக் கட்டடம் ஆகியவற்றின் செலவு இந்தக் கணக்கில் சேராது. எல்லை தாண்டினால் புள்ளி வெட்டு. பிரீமியர் லீக் 2026-27 இலிருந்து இந்த முறையை விட்டு, அணிக்கான செலவை வருமானத்தின் 85 வீதத்துக்குள் வைக்கும் முறைக்கு மாற 2025 நவம்பரில் வாக்களித்தது. விதி எதுவானாலும் வருமானம் பாதியாகும் கழகத்துக்கு நெருக்கடி அதேதான்.

9. ஜூன் 30க்குள்ள விக்கோணும் எண்டு அவசரப்படுறாங்கள். ஜூலை 1ல வித்தா என்ன குறைஞ்சுபோகும்?

பல கழகங்களின் கணக்காண்டு ஜூன் 30 இல் முடிகிறது. அன்று இரவுக்குள் விற்றால் இலாபம் முடிந்த ஆண்டில் விழும், மறுநாள் விற்றால் அடுத்த ஆண்டில். மூன்று ஆண்டு நட்டம் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கழகத்துக்கு அந்த ஒரு நாள் புள்ளி வெட்டாக மாறலாம். லெஸ்டர் ஜேம்ஸ் மடிசனை 40 மில்லியனுக்கு டொட்டன்ஹாமுக்கு விற்ற அறிவிப்பு 2023 ஜூன் 28 அன்று வந்தது.

நேர் எதிர் உதாரணம் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட். அவர்கள் கீழே போனவர்கள் அல்லர், மேலே வந்தவர்கள். இரண்டு ஆண்டு கீழே ஆடியதால் எல்லை 61 மில்லியன். ஜூன் மாதம் வந்த குறைந்த விலையைத் தள்ளிவிட்டு, பிரெனன் ஜோன்சனைச் செப்டெம்பர் 1 அன்று 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். கூடுதல் காசு வந்தது, ஆனால் கணக்காண்டு முடிந்து இரண்டு மாதம் போயிருந்தது. “நல்ல விலைக்காகவே காத்திருந்தோம்” என்ற வாதத்தை வழக்கை விசாரித்த ஆணைக்குழு ஏற்கவில்லை. எல்லையை 34.5 மில்லியன் தாண்டியதற்கு நான்கு புள்ளிகள் வெட்டு.

இனி 1ஆம் கேள்வியில் சொன்ன வழக்கு. 2022-23 வரையான மூன்று ஆண்டுக்கு லெஸ்டர் எல்லை தாண்டியதாகப் பிரீமியர் லீக் குற்றம் சாட்டியது. லெஸ்டரின் கணக்காண்டு முடிந்தது ஜூன் 30. பங்கைக் கையளித்ததோ ஜூன் 13. “கணக்காண்டு முடிந்த நாளில் நாங்கள் உங்கள் உறுப்பினரே இல்லை” என்று வாதாடி, 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டில் வென்றார்கள். விதி எழுதியவர்கள் அந்தப் பதினேழு நாளை யோசிக்கவில்லை.

10. அப்ப மற்ற வீரர்களை ஏன் கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிக்கிறாங்கள்?

ஏட்டு இலாபம் அவசரமில்லாத கழகத்துக்கு நேரம்தான் ஆயுதம். மே மாதத்தில் வாங்க வருபவர்கள் “இவர்களுக்குக் காசு தேவை” என்ற எண்ணத்தில் பாதி விலைக்குக் கேட்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் வாங்குபவருக்குத்தான் ஆள் தேவை. 2016 இல் கீழே போன நியூகாசில் இதை நன்றாகச் செய்தது. அன்ட்ரோஸ் டவுன்செண்ட் ரிலீஸ் குளோஸில் 13 மில்லியனுக்கு ஜூலை தொடக்கத்திலேயே போனார், அதைத் தடுக்க வழியில்லை. ஜோர்ஜினியோ வைனால்டம் 25 மில்லியனுக்கு லிவர்பூல் போனார். மூசா சிசோகோவை மட்டும் கடைசி இரவு வரை பிடித்துவைத்து 30 மில்லியன் வாங்கினார்கள்.

ஆபத்தும் உண்டு. சம்பியன்ஷிப் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். போக மனம் வைத்த வீரரை ஆடவிட்டால் காயம் பயம், வெளியே வைத்தால் விலை விழும். விற்ற காசில் மாற்றுவீரர் தேடவும் நேரம் போதாது. நாங்கள் பார்த்தவரை ஒருவரை இழுக்கலாம், ஆறு பேரை ஒரேநேரத்தில் இழுத்தால் அணியே குழம்பிவிடும்.

கடைசி நாளைப் பார்த்திருப்பவர்களுக்கு: கோடையில் இங்கிலாந்து நேரத்துக்கும் நமக்கும் நாலரை மணி வித்தியாசம். அங்கே இரவு 7 மணிக்கு மூடினால் இங்கே 11.30. அங்கே 11 மணி என்றால் இங்கே விடியப்புறம் 3.30.

11. 40 மில்லியனுக்கு வித்தா நாற்பதும் கைக்கு வருமா?

வராது. இரசிகர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கற்பனைக் கணக்கு. வீரரை இரண்டு ஆண்டுக்கு முன் 10 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினீர்கள். பழைய கழகத்துக்கு இலாபத்தில் 20 வீதம் மறுவிற்பனைப் பங்கு. வாங்கிய விலையில் கடைசித் தவணை 2 மில்லியன் இன்னும் பாக்கி. இப்போது 40 மில்லியனுக்கு விற்கிறீர்கள், நான்கு ஆண்டுத் தவணையில், ஆண்டுக்கு 10. ஏட்டுப் பெறுமதி 6. மறுவிற்பனைப் பங்கு 30 மில்லியன் இலாபத்தில் 6. ஆகவே கணக்கில் உடனடி இலாபம் 28 மில்லியன். கையில்? முதல் தவணை 10 வரும். அதற்குரிய மறுவிற்பனைப் பங்கு 1.5 போகும், பழைய பாக்கி 2 போகும். மிச்சம் 6.5 மில்லியன். அதற்குள் முகவர் செலவும் இருக்கிறது.

அதாவது புள்ளி வெட்டிலிருந்து தப்ப 28, இந்த மாதச் சம்பளத்துக்கு 6.5. இரண்டும் உண்மை, இரண்டும் வெவ்வேறு பிரச்சினை. “நாற்பது மில்லியன் வந்தும் புது ஆள் வாங்கேல்ல” என்று திட்டுவதற்கு முன் தவணை எப்படி என்று தேடிப் பாருங்கள். தவணைக்குக் காத்திருக்க முடியாத கழகங்கள், வரவிருக்கும் தவணையை வங்கியிடம் ஈடுவைத்து வட்டி கழித்து முன்கூட்டியே வாங்குவதும் உண்டு. மறுவிற்பனைப் பங்கும் சின்ன விடயமல்ல: ரோமியோ லவியா சவுதாம்ப்டனிலிருந்து 53 மில்லியனுக்குச் செல்சி போனபோது, அவரை வளர்த்து விற்ற மன்செஸ்டர் சிற்றிக்கு 20 வீதப் பங்கு இருந்தது.

12. விக்காம லோனுக்குக் குடுத்தா வீரரும் மிஞ்சுவாரே?

வீரரை ஒரு பருவத்துக்கு இரவலாக வேறு கழகத்தில் ஆடவிட்டால் சம்பளச் சுமை இறங்கும், ஆள் நம்முடையவராகவே இருப்பார், அடுத்த ஆண்டு மேலே வந்தால் திரும்ப எடுக்கலாம். கெடுதி என்னவென்றால், விலையைப் பிரித்து எழுதும் ஆண்டுச் செலவு (6ஆம் கேள்வி) தொடர்ந்து நம் கணக்கில்தான் விழும்.

லீட்ஸ் 2023 இல் கீழே போனபோது பல வீரர்களின் ஒப்பந்தத்தில், கீழே போனால் வேறு கழகத்துக்கு லோனில் போகலாம் என்ற நிபந்தனை இருந்தது. பிரெண்டன் ஆரன்சன், ஜக் ஹரிசன், மக்ஸ் வோபர், ரஸ்மஸ் கிறிஸ்டென்சன் என்று ஒவ்வொருவராகப் போனார்கள், விற்பனைக் காசு இல்லாமல். கழகம் விரும்பிக் கொடுக்கும் லோன் வேறு, வீரர் உரிமையோடு எடுக்கும் லோன் வேறு.

13. உரிமையாளர் கோடீஸ்வரர். அவர் காசு போட்டா முடிஞ்சுதே?

போடலாம், ஆனால் 8ஆம் கேள்வியின் எல்லை அவருடைய பணப்பையைப் பார்ப்பதில்லை, கழகத்தின் நட்டத்தைப் பார்க்கிறது. அதனால் சிலர் சுற்றுவழி தேடினார்கள். டார்பி கவுண்டி தன் மைதானத்தை உரிமையாளரின் கம்பனிக்கே சுமார் 80 மில்லியனுக்கு விற்று இலாபம் காட்டியது. வீரர்களின் விலையையும் சமமாகப் பிரிக்காமல், கடைசியில் ஒரு பெறுமதி மிஞ்சும் என்று வைத்துச் செலவைப் பின்னுக்குத் தள்ளியது. 2021-22 இல் கணக்கு விவகாரத்துக்கு 9 புள்ளி, கடன் கட்டமுடியாமல் கழகம் வெளியார் ஒருவரான நிர்வாகியின் கைக்குப் போனதற்கு 12, மொத்தம் 21 புள்ளிகள் வெட்டு. அந்த ஆண்டே கீழே போனார்கள். வெட்டு இல்லாவிட்டால் தப்பியிருப்பார்கள்.

14. கடன் எடுத்துச் சமாளிக்கேலாதா?

கடனில் இரண்டு வகை ஆபத்து. ஒன்று, கடன் ஒப்பந்தத்திலேயே தரமிறக்க நிபந்தனை இருப்பது. 2022 இல் கீழே போன பேர்ன்லி, 65 மில்லியன் கடனில் கணிசமான பகுதியைத் தரமிறக்கத்தால் உடனே கட்டவேண்டி வந்தது. காசு மிகத் தேவையான கோடையிலேயே கடன்காரரும் வாசலில் நிற்பார்.

மற்றது லீட்ஸின் பழைய கதை. பீட்டர் ரிட்ஸ்டேல் தலைவராக இருந்த காலத்தில், எதிர்கால நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடுவைத்து 60 மில்லியன் கடன் வாங்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் சம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம் என்ற கணக்கு. ஆடமுடியாமல் போனதும் 2002 இல் ரியோ பேர்டினண்டை மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள், தொடர்ந்து மற்றவர்களையும். 2004 இல் கீழே போனார்கள், அதே ஆண்டு எலண்ட் ரோட் மைதானமும் கைமாறியது. 2007 இல் நிர்வாகியின் கைக்குப் போய் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். போர்ட்ஸ்மவுத் 2010 இல் பிரீமியர் லீக்கில் இருந்தபடியே நிர்வாகியின் கைக்குப் போய் 9 புள்ளி இழந்தது. 2013 இல் நான்காம் பிரிவுக்கு இறங்கியபோது இரசிகர்களே காசு சேர்த்துக் கழகத்தை வாங்கிக் காப்பாற்றினார்கள்.

15. இவ்வளவு பேரை வித்துப்போட்டுத் திரும்ப மேல வரேலுமா?

வரலாம். மேலே சொன்ன நியூகாசில் அடுத்த ஆண்டே 94 புள்ளிகளோடு முதலிடம். பேர்ன்லி 2022-23 இல் 101 புள்ளி. 2023 இல் விழுந்த மூன்றில் லெஸ்டர் 97 புள்ளியோடும் சவுதாம்ப்டன் மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளேஓஃப் போட்டிகள் வழியாகவும் ஒரே ஆண்டில் ஏறின. அந்த பிளேஓஃப் இறுதியில் தோற்ற லீட்ஸ் 2025 இல் ஏறியது. எதிர்ப்பக்கத்தில் சண்டர்லாந்து, லூட்டன் இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு படி இறங்கின.

வித்தியாசம் எத்தனை பேரை விற்றார்கள் என்பதில் இல்லை, யாரை வைத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது. நியூகாசில் பயிற்றுநர் ரஃபா பெனிட்டஸைப் போகவிடவில்லை. விற்ற காசில் சம்பியன்ஷிப்பிலேயே கோல் அடிக்கக்கூடிய டுவைட் கேய்ல் போன்றவர்களை உடனே வாங்கினார்கள். பெரிய சம்பளக்காரர் இருவர் மூவரை நல்ல விலைக்குக் கொடுத்து, மத்திய வரிசையையும் கோல் காப்பாளரையும் குலைக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் பலித்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுக்குள் ஏறாவிட்டால் பாரசூட் காசு 20 வீதத்துக்கு விழும், அப்போது இரண்டாம் சுற்று விற்பனை தொடங்கும்.

16. ஜேர்மனி, ஸ்பெயின்லயும் இப்பிடியா?

அழுத்தம் அதேதான், விதி வேறு. ஸ்பெயினில் ஒவ்வொரு கழகத்துக்கும் அணிச் செலவு எல்லையை லீக் முன்கூட்டியே வகுக்கும், எல்லைக்கு வெளியே உள்ளவரைப் பதிவுசெய்யவே முடியாது. ஜேர்மனியில் ஆண்டுதோறும் உரிமம் வாங்கவேண்டும், காசு இருப்பதைக் காட்டாவிட்டால் விளையாட முடியாது. அங்கேயும் ஷல்கே 2021 இல் 200 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட கடனோடு விழுந்தது. ஒரே ஆண்டில் ஏறி, மறு ஆண்டே மீண்டும் இறங்கியது.

17. இதால எங்கட ஊர்க் கழகங்களுக்கு ஒரு சதமாவது வருமா?

வர வழி உண்டு. பீபாவின் ஒருமைப்பாட்டு விதிப்படி, ஒப்பந்தத்தில் உள்ள தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், அந்த விலையில் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிக்கப்படவேண்டும். 12 முதல் 15 வயது வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் விலையில் 0.25 வீதம், 16 முதல் 23 வரையான ஒவ்வொன்றுக்கும் 0.5 வீதம். வீரர் பிறகு இங்கிலாந்துக் கழகம் ஒன்றிலிருந்து இன்னோர் இங்கிலாந்துக் கழகத்துக்குப் போனாலும், வேறு நாட்டில் பயிற்றுவித்த கழகத்துக்கு இந்தப் பங்கு உண்டு.

கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு கழகம் ஒரு பிள்ளையை 12 வயது ஆண்டிலிருந்து 18 வயது ஆண்டுவரை வைத்திருந்தது என்று கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 1 வீதம், மூன்று ஆண்டுக்கு 1.5, மொத்தம் 2.5 வீதம். பின்னாளில் அவர் 2 மில்லியன் யூரோவுக்கு விற்கப்பட்டால் கழகத்தின் பங்கு 50,000 யூரோ. இதுபோக, 23 வயது ஆண்டுக்குள் முதன்முதலாக வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் எழுதினால் பயிற்சி இழப்பீடு தனியாக உண்டு. அதன் அளவு வாங்கும் கழகத்தின் தரவகுப்பைப் பொறுத்தது. ஒப்பந்தம் முடிந்து விலையின்றிப் போனால் ஒருமைப்பாட்டுப் பங்கு கிடையாது.

18. சரி, அதை எடுக்க நாங்கள் இப்ப என்ன செய்ய வேணும்?

பதிவுதான் எல்லாமே. 2022 நவம்பரிலிருந்து பீபாவின் தீர்வகம் இந்தக் காசைப் பிரிக்கிறது. அது பார்ப்பது வீரரின் மின்னணுக் கடவுச்சீட்டை: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை எந்தக் கழகத்தில் பதிவு என்ற பட்டியல். நம் பக்கம் பிழைக்கும் இடம் இங்கேதான். பிள்ளை பத்து வயதிலிருந்து நம் மைதானத்தில் ஆடுவான், ஆனால் 18 வயதில் ஒரு சுற்றுப்போட்டிக்காகத்தான் முதன்முதலாகப் பதிவாவான். அதற்கு முந்தைய ஆறு ஆண்டும் எந்தப் பட்டியலிலும் இராது. பாடசாலை அணியில் ஆடிய காலமும் கழகப் பதிவாகாது. பாடசாலையில் ஆடும் பிள்ளையும் தனியாக ஒரு கழகத்தில் பதிவாகியிருக்கவேண்டும்.

ஆகவே முதலில் உங்கள் கழகம் மாவட்ட லீக் வழியாக இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் இணைந்திருப்பதையும் அந்த ஆண்டுக்கான சந்தா கட்டியிருப்பதையும் உறுதிசெய்யுங்கள். 12 வயதுப் பிறந்தநாள் வரும் ஆண்டிலேயே பிள்ளையைப் பதிவுசெய்து, பீபா அடையாள இலக்கம் கிடைத்ததா என்று கேட்டு எழுதிவையுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு பதிவிலும், பின்னாளில் எடுக்கும் கடவுச்சீட்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும், ஓர் எழுத்து மாறினால் இரண்டு ஆளாகிவிடும். வேறு கழகத்துக்குப் போகும்போது விடுவிப்புக் கடிதத்தில் சேர்ந்த திகதி, விலகிய திகதி இரண்டையும் போட்டு ஒரு பிரதியைக் கழகக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு பருவமும் ஒப்பமிட்ட அணிப் பட்டியலையும் போட்டி அறிக்கையையும் சேர்த்து வைத்தால், பதிவில் இடைவெளி வந்தாலும் சம்மேளனத்திடம் திருத்தம் கேட்க ஆதாரம் இருக்கும். கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். செயலாளரின் தனிக்கணக்குக்குத் தீர்வகம் அனுப்பாது.